எல்லை மாறும் இரட்டைத் தொகையீடு: எண்வழிக் கணிப்பின் வரலாறு

ஒரு வயலின் பரப்பைக் காண விழைவோன் அதனை ஒடுங்கிய கீற்றுக்களாக வகுத்து, ஒவ்வொரு கீற்றின் நீளத்தையும் அளந்து, அகலத்தாற் பெருக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டுகின்றான். வயல் செவ்வக வடிவினதாயின் கீற்றுக்கள் யாவும் ஒரே நீளத்தனவாம். ஒன்றை அளந்தவன் எல்லாவற்றையும் அளந்தவனாவான். வயலின் வரம்பு வளைந்து செல்லுமாயின் நிலைமை வேறு. அப்பொழுது ஒவ்வொரு கீற்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அவ்வவ்விடத்து வரம்பே தீர்மானிக்கும். கீற்றின் நீளத்தை மாத்திரமன்றி, அதன் வழியே இடத்துக்கிடம் வேறுபடும் விளைச்சலையுங் கூட்ட வேண்டுமாயின் கீற்றினுள்ளும் ஒரு தொகையீடு நிகழ்தல் வேண்டும். இரட்டைத் தொகையீட்டில் உள்ளெல்லைகள் புறமாறியைப் பொறுத்து மாறும் எனக் கணித நூலார் கூறுவது இதனையேயாம்.

இத்தகைய தொகையீட்டைச் சூத்திரத்தால் முடிக்க இயலாதவிடத்து எண்களைக் கொண்டே கணித்தல் வேண்டும். இன்று அப்பணியைக் கணினி செய்கின்றது. தொகையீட்டின் கடுமை யாவும் தொகையிடப்படுஞ் சார்பிலேயே உண்டெனப் பாடநூல்கள் மாணாக்கரை எண்ணச் செய்கின்றன. வரலாற்றைத் துருவி நோக்குவார்க்கோ அக்கடுமையிற் பெரும்பங்கு வரம்பிலேயே உறைவது புலனாகும்.

மாறும் எல்லையுடைய இரட்டைக் கூட்டல் மிகத் தொன்மையானது. கி.பி. 499ஆம் ஆண்டில் ஆரியபட்டர் இயற்றிய ஆரியபடீயத்தின் கணிதபாதத்தில், முக்கோண அடித்தளத்தின்மேல் அடுக்கப்பட்ட பொருள்களின் தொகையைக் காணும் விதி கூறப்பட்டுள்ளது. மேலடுக்கில் 1, அதன் கீழ் 1+2, அதன் கீழ் 1+2+3 என அடுக்குக்கள் பெருகிச் செல்லும். அடுக்குக்களின் எண்ணிக்கையையும், அதனோடு 1 கூட்டியதையும், 2 கூட்டியதையும் தம்முட் பெருக்கி 6ஆல் வகுப்பின் மொத்தத் தொகை கிடைக்கும். மூன்று அடுக்காயின் 3, 4, 5 என்பவற்றின் பெருக்கம் 60. அதனை 6ஆல் வகுக்க 10. இங்கே உட்கூட்டல் எதுவரை செல்ல வேண்டுமென்பதைப் புறக்கூட்டலின் எண்ணே விதிக்கின்றது. நாராயண பண்டிதர் 1356இல் இயற்றிய கணிதகௌமுதியில், கூட்டலின் கூட்டல், அதன் கூட்டல் என எத்தனை முறை சென்றாலும் பொருந்தும் பொதுவிதி தரப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டிற் கேரளத்திலே சியேட்டதேவர் மலையாள உரைநடையில் எழுதிய யுக்திபாஷை, எண்கள் மிகப் பெரியனவாகும்போது இத்தகைய கூட்டல்கள் எதனை அணுகும் என்பதை ஆராய்ந்து, அதனின்று சைன் தொடரை வருவித்தது.

இதனைக் கொண்டு மேனாட்டார் கண்ட இரட்டைத் தொகையீடு முழுவதும் இங்கு முன்னரே இருந்ததென வாதிப்பது சான்றின் அளவைக் கடந்து பேசுவதாகும். ஆயினும் உறவு மெய்யான உறவே. அடுக்குக்கள் 1000 ஆயின் ஆரியபட்டர் விதிப்படி தொகை 167,167,000. அதற்கு இணையான இரட்டைத் தொகையீட்டின் பெறுமானம் 1000இன் கனத்தில் ஆறிலொரு பங்கு. அதாவது ஏறக்குறைய 166,666,667. இரண்டிற்குமுள்ள வேற்றுமை நூற்றுக்கு மூன்றிலொரு பங்கிலுங் குறைவு.

இனி ஐரோப்பாவை நோக்குவோம். 1613இல் யோகான்னஸ் கெப்ளர் இரண்டாம் முறை மணம் புரிந்தார். அக்காலை அவர் லின்ஸ் நகரில் வாழ்ந்தார். வீட்டுத் தேவைக்கெனத் திராட்சை மதுப் பீப்பாய்கள் வாங்கப்பட்டபோது, வணிகன் ஒரு கோலைப் பீப்பாயின் வாய்த்துளை வழியே சாய்வாகச் செலுத்தி, நனைந்த நீளத்தைக் கொண்டே கொள்ளளவைக் கூறிவிட்டான். பீப்பாய் எவ்வடிவினதாயினும் அதே கோல், அதே கணக்கு! கோள்களின் பாதையை அளந்தவருக்கு இது பொறுக்கவில்லை போலும். அதன் விளைவாக 1615இல் மதுப் பீப்பாய்களின் கனவளவு பற்றிய இலத்தீன் நூலொன்று வெளிவந்தது. செருமானியர் இன்றும் கெப்ளரின் பீப்பாய் விதி என வழங்கும் விதி இதுவாகும்: மேல்முகப் பரப்பு, நடுக்குறுக்குவெட்டுப் பரப்பின் நான்கு மடங்கு, கீழ்முகப் பரப்பு ஆகிய மூன்றையுங் கூட்டி, உயரத்தாற் பெருக்கி, 6ஆல் வகுக்க.

இவ்விதியைக் கோளத்திற்குப் பிரயோகித்துப் பார்த்தல் நன்று. கோளத்தின் உச்சியிலும் அடியிலும் வெட்டுப் பரப்புச் சூனியம். நடுவிலே அது ஆரையின் வர்க்கத்தைப் பையாற் பெருக்கியதாகும். உயரம் ஆரையின் இரு மடங்கு. பெருக்கி வகுப்பின் ஆரையின் கனத்தைப் பையாற் பெருக்கியதில் மூன்றில் நான்கு பங்கு கிடைக்கின்றது. இது அண்ணளவன்று, ஆர்க்கிமிடிசு கண்ட செம்மையான பெறுமானமேயாம். மூன்றே அளவைகளால் இது கைகூடியதன் காரணம், கோளத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு உயரத்தின் இரண்டாம் படிச் சார்பாக அமைந்திருப்பதேயாகும். நுனித்து நோக்கின் இங்கே ஒரு தொகையீடு மறைந்து நிற்பதைக் காணலாம். ஒவ்வொரு குறுக்குவெட்டின் பரப்பும் தானே ஒரு தொகையீட்டின் முடிவு. அதன் எல்லையோ உயரத்துக்கு உயரம் மாறுவது. வட்டத்தின் பரப்பு முன்னரே அறியப்பட்டிருந்தமையால் கெப்ளருக்கு உட்தொகையீடு இலவசமாகக் கிடைத்தது.

அவ்விதியே ஆங்கில நாட்டிற் சிம்சன் விதி எனப் பெயர் பெற்றது. தோமஸ் சிம்சன் தொடக்கத்தில் நெசவுத் தொழிலாளியாக இருந்து, தானே கற்று, 1743இல் வூலிச் படைக்கலைக் கழகத்திற் கணித ஆசிரியராக அமர்ந்தவர். அவ்வாண்டிலேயே இவ்விதியை வெளியிட்டார். ஆனால் அதற்கு முன் 1668இல் யேம்ஸ் கிரகரியின் நூலிலும் அது காணப்படுகின்றது. நியூற்றன் காட்டிய வழியில் இத்தகைய விதிகளை வரிசைப்படுத்தியவர் உரோசர் கோற்ஸ். 1716இல் முப்பத்து மூன்றாம் அகவையில் அவர் இறக்க, அவரது ஆக்கங்கள் 1722இலேயே நூலுருப் பெற்றன. விதியொன்று யார் பெயரால் வழங்குகின்றது என்பதற்கும், அதனை யார் கண்டார் என்பதற்கும் தொடர்பு இருந்தே தீரவேண்டுமென எவரும் எதிர்பார்த்தல் கூடாது.

எல்லை என்னுங் கருத்து எழுத்தில் இடம்பெறுவதற்கு நெடுங்காலஞ் சென்றது. இலைப்னிற்ஸ் 1675 ஒற்றோபர் 29ஆம் நாள் எழுதிய குறிப்பிலே தொகையீட்டுக் குறியாகிய நீண்ட எழுத்து முதன்முதலாகத் தோன்றியது. அக்குறியின் கீழும் மேலும் எல்லைகள் இல்லை. எங்கிருந்து எங்குவரை என்பதை ஆசிரியர்கள் சொற்களாலேயே எழுதி வந்தனர். ஒயிலர் 1769இல் இரட்டைத் தொகையீடு பற்றித் தனிக் கட்டுரை வரைந்தபோதும் நிலைமை அதுவே. ஆயினும் வளையிகளால் அடைக்கப்பட்ட ஒரு பிரதேசத்தின்மீது தொகையிடுவது எவ்வாறென அவர் அதனிலே தெளிவாக விளக்கினார்: ஒரு மாறியை நிலையாக வைத்து, மற்றையதை வரம்பிலிருந்து வரம்புவரை தொகையிட்டு, பின்னரே முதலாவதைத் தொகையிட வேண்டும். மாறிகளை மாற்றும்போது பரப்பின் சிறுகூறு எவ்வாறு மாறும் என்பதையும் அவர் ஆராய்ந்தார். 1841இல் யாக்கோபி அதனை எத்தனை மாறிகளுக்கும் பொதுமையாக்கினார். எல்லைகளைக் குறியின் அடியிலும் முடியிலும் எழுதும் வழக்கத்தைப் பரப்பியவர் பூரியர். வெப்பம் பற்றிய அவரது பெருநூல் 1822இல் வெளியாயிற்று. இன்று பள்ளி மாணாக்கன் எண்ணிப் பாராமலே எழுதும் அவ்விரு சிற்றெண்கள் தோன்றுவதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

எம்மாறியை முதலிற் தொகையிடுவது என்பது வெறும் வசதி பற்றிய வினாவன்று. சார்பு ஓரிடத்தில் முடிவிலியாகுமாயின் வரிசையை மாற்ற விடையும் மாறலாம் என்பதைக் கோசி 1814இலேயே கண்டார். இரு தூரங்களின் வர்க்கங்களின் வித்தியாசத்தை, அவ்வர்க்கங்களின் கூட்டுத்தொகையின் வர்க்கத்தால் வகுத்து, ஓரலகுச் சதுரத்தின்மீது தொகையிடுக. ஒரு வரிசையிற் பையின் காற்பங்கு விடையாக வரும். மறுவரிசையில் அதுவே மறைக் குறியோடு வரும். எந்நிலையில் வரிசை மாற்றம் தீங்கற்றது என்பதைப் பொதுமையாக நிறுவியவர் இத்தாலியராகிய பூபினி, ஆண்டு 1907. கணினியோ இவ்வேறுபாட்டை அறியாது. எவ்வரிசையிற் பணிக்கப்படுகின்றதோ அவ்வரிசையில் ஓர் எண்ணைத் தந்துவிடும்.

இனி, வரம்பின் வலிமையை ஓர் உதாரணத்தால் அறிதல் நன்று. ஆரை 1 உடைய வட்டத்தின் காற்பகுதியை எடுத்துக்கொள்க. தொகையிடப்படுஞ் சார்பு எங்கும் 1 என்னும் மாறிலியே. அதனினும் எளிய சார்பு இல்லை. உள்ளெல்லை சூனியத்திலிருந்து வட்டத்தின் வரம்புவரை செல்கின்றது. உட்தொகையீடு யாதொரு வழுவுமின்றி முடிந்து, வரம்பின் உயரத்தையே தருகின்றது. புறத்தொகையீட்டுக்குச் சிம்சன் விதியை மூன்று புள்ளிகளோடு பயன்படுத்தினால் 0.7440 கிடைக்கும். மெய்ப்பெறுமானம் 0.7854. ஐந்து புள்ளிகளோடு 0.7709, ஒன்பது புள்ளிகளோடு 0.7803. நன்னடத்தையுள்ள சார்பாயின் ஆயிடையைப் பாதியாக்குந்தோறும் சிம்சன் விதியின் வழு ஏறத்தாழப் பதினாறிலொரு பங்காகக் குறைதல் வேண்டும். இங்கே வழு 0.0414, 0.0145, 0.0051 எனச் செல்கின்றது. ஒவ்வொரு முறையும் மூன்றிலொரு பங்களவுக்கேனும் அது குறைந்தபாடில்லை. காரணம், வட்டத்தின் வரம்பு கிடையச்சைத் தொடுமிடத்தில் நிமிர்ந்து நின்று அதன் படித்திறன் முடிவிலியாவதே. சார்பு எளியது, வரம்பு கொடியது. கோளத்தை மூன்று அளவையாற் பிழையின்றி அளந்த அதே விதி, கால்வட்டத்தின் முன் தடுமாறுகின்றது.

இதற்குப் பரிகாரம் புள்ளிகளைப் பெருக்குவதன்று. கிடைத்தூரத்துக்குப் பதிலாக, அதனைச் சைனாகக் கொண்ட கோணத்தை மாறியாக எடுத்துக்கொண்டால், தொகையிடப்படுவது கோசைனின் வர்க்கமாகும். கோணம் சூனியமாகும்போது அது 1. 45 பாகையில் அரை. 90 பாகையிற் சூனியம். சிம்சன் விதிப்படி 1, நடுப்பெறுமானத்தின் நான்கு மடங்காகிய 2, சூனியம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை 3. ஆயிடையின் நீளமாகிய பையின் அரைப்பங்கால் அதனைப் பெருக்கி 6ஆல் வகுக்க, பையின் காற்பங்கு செவ்வையாகவே கிடைக்கின்றது. அதே மூன்று புள்ளி, அதே விதி. வரம்பை நோக்கிய கோணம் மாத்திரமே மாறிற்று.

கணினி வருவதற்கு முன் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதனின் உழைப்பு. ஆதலாற் புள்ளிகளைச் சிக்கனமாக்கும் முயற்சியிற் பேரறிஞர்கள் ஈடுபட்டனர். புள்ளிகளைச் சம இடைவெளியில் வைக்கவேண்டும் என்னுங் கட்டுப்பாட்டைக் கௌஸ் 1814இல் நீக்கினார். தக்க இடங்களை முற்கூட்டியே தேர்ந்தெடுத்தால் இரு புள்ளிகள் மூன்றாம் படிவரையும், மூன்று புள்ளிகள் ஐந்தாம் படிவரையும், நான்கு புள்ளிகள் ஏழாம் படிவரையும் பல்லுறுப்பிகளைச் செம்மையாகத் தொகையிடும் என அவர் காட்டினார். சூனியத்திலிருந்து ஒன்றுவரையான ஆயிடையில் அவ்விரு புள்ளிகள் ஏறத்தாழ 0.2113, 0.7887 என்னும் இடங்களில் அமைகின்றன. மின்காந்தவியலின் தந்தையாகிய மாக்ஸ்வெல் 1877இல் இதனைப் பரப்புக்கும் கனவளவுக்கும் விரித்தார். சதுரத்தில் ஏழாம் படிவரை செம்மை பெறக் கௌஸ் விதியை இரு திசையிலும் பெருக்கினால் 16 புள்ளிகள் தேவை; மாக்ஸ்வெல்லுக்கு 13 போதுமாயிற்று. கனசதுரத்தில் 64க்குப் பதிலாக 27. 1948இல் யோகான் இராடன் ஐந்தாம் படிக்கு 9 புள்ளிகளுக்குப் பதிலாக 7 புள்ளிகளால் அமைந்த விதிகளை வெளியிட்டார். மாக்ஸ்வெல்லின் விதிகள் சதுரத்துக்கும் கனசதுரத்துக்கும் உரியன. இராடனோ முக்கோணத்துக்கும் வட்டத்துக்கும் விதி கண்டார். வளைந்து நெளியும் வரம்புடைய பிரதேசத்துக்கு இவை நேரே உதவா.

அத்தகைய பிரதேசத்தைச் செவ்வகமாக்கும் உபாயம் ஒயிலர் வழியிலேயே உண்டு. கீற்றின் கீழெல்லையிலிருந்து மேலெல்லைவரை எவ்வளவு பங்கு சென்றோம் என்பதைப் புதிய மாறியாகக் கொள்க. அது எக்கீற்றிலும் சூனியத்தில் தொடங்கி ஒன்றில் முடியும். இதனைச் செய்நிரலாக எழுதுவோர் இரு வட்டங்களை ஒன்றினுள் ஒன்றாக அமைப்பர். புறவட்டம் ஒரு கிடைத்தூரத்தை எடுக்கின்றது; அவ்விடத்துக்குரிய கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் கணித்து, அவற்றின் வித்தியாசமாகிய அகலத்தைக் குறித்துக்கொள்கின்றது. உள்வட்டம் கௌஸ் புள்ளி ஒவ்வொன்றையும் அவ்வகலத்தாற் பெருக்கிக் கீழெல்லையோடு கூட்டி நிலைத்தூரத்தைப் பெறுகின்றது. அங்கே சார்பின் பெறுமானத்தைக் கண்டு, புள்ளியின் நிறையாற் பெருக்கிச் சேர்க்கின்றது. உள்வட்டம் முடிந்தபின் அத்தொகையை அகலத்தால் ஒருமுறை பெருக்குதல் வேண்டும். இப்பெருக்கலை மறந்து விடுவது புதியோர் பலருக்கு வழக்கம். அகலம் எங்கும் ஒன்றாயிருக்குஞ் சோதனைக் கணக்கில் அப்பிழை வெளிப்படவும் மாட்டாது.

இரு வட்டங்களை ஒன்றினுள் ஒன்றாக எழுதுதல் எளிதே. ஒரு முறை எழுதி வைத்த தொகையீட்டுச் செய்முறையையே உள்ளுக்கும் புறத்துக்கும் பயன்படுத்த விரும்பியபோதுதான் கணினிமொழிகளின் இயல்பு குறுக்கிட்டது. 1957இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் 704 என்னும் பொறிக்கு வெளியிட்ட போர்ட்ரான் மொழியில் ஒரு செய்முறை தன்னைத்தானே அழைத்தல் இயலாது. புறத்தொகையீடு நடந்துகொண்டிருக்கும்போதே அதே செய்முறையை உள்ளே அழைத்தால், புறத்தின் இடைநிலைக் கணக்குகள் அழிக்கப்பட்டுவிடும். இதற்கு அம்மொழியார் கண்ட தீர்வு சற்றே நகைப்புக்குரியது: ஒரே செய்முறையை எழுத்துக்கெழுத்து படியெடுத்து, வேறு பெயரிட்டு, இரண்டாகவோ மூன்றாகவோ வைத்துக்கொள்வர். 1986இல் பிரெஸ் முதலிய நால்வர் வெளியிட்ட பெயர்பெற்ற எண்கணிப்பு நூலின் போர்ட்ரான் பதிப்பிலும் மும்மடித் தொகையீட்டுக்கு இவ்வாறே மூன்று படிகள் வைக்கப்பட்டிருந்தன. தன்னைத்தானே அழைக்கும் உரிமை போர்ட்ரானுக்கு 1990க்குரிய பதிப்பிலேயே முறையாகக் கிட்டிற்று.

1960இல் வெளியான அல்கோல் மொழி இவ்விடயத்தில் முப்பதாண்டு முன்சென்றிருந்தது. அம்மொழியிற் செய்முறைக்குக் கொடுக்கப்படும் கோவை, முற்கூட்டியே பெறுமானமாக மாற்றப்படாது, தேவைப்படுந்தோறும் புதிதாக மதிப்பிடப்படலாம். கோப்பன்கேகன் நகரிலே பீற்றர் நௌருடன் பணியாற்றிய யோன் யென்சன் இதனைக் கொண்டு அழகியதோர் உபாயங் கண்டார். கூட்டுக என்னும் ஒரு சிறு செய்முறையை எழுதி, அதற்கு எண்ணும் மாறி, தொடக்கம், முடிவு, உறுப்பு என நான்கையும் கொடுப்பது முதற்படி. உறுப்பு என்னும் இடத்திலே மீண்டும் அக்கூட்டுகவையே வைத்து, அதன் முடிவாகப் புறமாறியையே கொடுப்பது இரண்டாம் படி. புறமாறி நகருந்தோறும் உள்ளெல்லையுந் தானாக நகர்கின்றது. ஆரியபட்டரின் முக்கோண அடுக்கு இவ்வழியில் ஒரே வரியில் அடங்கும். மாறும் எல்லைக்கென்றே பிறந்தது போலத் தோன்றும் இவ்வுபாயம் பின்வந்த மொழிகளில் அருகிற்று. எப்போது எக்கோவை மதிப்பிடப்படுகின்றது என்பதைத் தொடர்ந்தறிவது கடினமாதலின் பலர் அதனை விரும்பவில்லை.

அதே காலத்திற் பிறிதொரு கருத்து வளர்ந்தது. எத்தனை புள்ளிகள் தேவை என்பதை மனிதன் முற்கூட்டியே கூறாமல், சார்பின் இயல்புக்கேற்பச் செய்நிரலே தீர்மானிக்கட்டும் என்பதே அது. 1962இல் மக்கீமன் சிம்சன் விதியைக் கொண்டு அல்கோல் மொழியில் இத்தகையதொரு செய்முறையை வெளியிட்டார். ஓராயிடையில் விடை திருப்தி தராவிடின் அதனைப் பிளந்து ஒவ்வொரு பகுதிக்கும் செய்முறை தன்னையே அழைக்கும். 1964இல் உருசிய நாட்டவரான குரொன்றொட், கௌஸ் புள்ளிகளோடு மேலும் சில புள்ளிகளைச் சேர்த்து, முன் கணித்தவற்றை வீணாக்காமலே வழுவை மதிப்பிடும் வழியைத் தந்தார். இவற்றின் பயனாக 1983இற் பீசென்ஸ், டி டொங்கர், யூபர்கூபர், ககானர் ஆகியோர் குவாட்பாக் என்னுஞ் செய்முறைத் தொகுதியை நூலாக வெளியிட்டனர். எண்வழித் தொகையீட்டில் அதற்கிணையாக நிலைபெற்ற தொகுதி வேறொன்றைக் கூறுதல் அரிது.

தானே தீர்மானிக்கும் செய்முறையை உள்ளும் புறமுமாக அடுக்கியபோது எவரும் எதிர்பாராத இடர் தோன்றியது. இங்கேதான் விடயம் நுட்பமாகின்றது. உட்தொகையீடு சில கிடைத்தூரங்களில் ஆயிடையை இரண்டாகப் பிளக்கின்றது. சற்றே தள்ளி நான்காகப் பிளக்கின்றது. பிளவு மாறுமிடத்தில் அதன் வழுவும் சடுதியாக மாறும். ஆகவே உண்மையில் வழுவழுப்பாக இருக்கவேண்டிய உட்தொகை, புறத்தொகையீட்டுக்குச் சிறுசிறு படிகளையுடையதாகத் தோற்றும். உள்ளே பத்தாயிரத்திலொரு பங்கு வழுவை அனுமதித்துவிட்டு, புறத்தே பத்துக் கோடியிலொரு பங்கு திருத்தத்தை வேண்டினால், புறச் செய்முறை அப்பொய்ப்படிகளை மெய்யென நம்பி, அவற்றைச் சுற்றி ஆயிடைகளை மேன்மேலும் பிளந்துகொண்டே செல்லும். பிளக்கப் பிளக்க முடிவு வராது, காலமே விரயமாகும். உள்வழு புறஆயிடையின் நீளத்தாற் பெருகி விடையிற் சேரும் என்பதை எவரும் அறிவர். அது புறச் செய்முறையின் தீர்ப்பையே குலைத்துவிடும் என்பதை உணர்ந்தவர் சிலரே. 1981இற் பிரிச், ககானர், லைனஸ் ஆகிய மூவர், ஒருபரிமாணச் செய்முறைகளைக் கொண்டு இரட்டைத் தொகையீடு செய்வதையே பொருளாகக் கொண்டு கட்டுரை வரைந்தனர். இதனைச் செய்முறைகளுக்கிடையிலான தொடர்பின் சிக்கல் என அவர்கள் தலைப்பிலேயே குறித்தது மிகப் பொருத்தமானது. உள்ளிருப்பவன் தான் எவ்வளவு பிழைபட்டான் என்பதைப் புறத்திருப்பவனுக்கு அறிவிக்க வழியில்லாமையே இங்கு நோய்.

வரம்பைப் பற்றிக் கவலையுறாது தப்பிக்கும் வழியொன்றும் வழக்கிலிருந்தது. பிரதேசத்தை அடக்கும் ஒரு செவ்வகத்தை எடுத்து, வரம்புக்கு வெளியே சார்பைச் சூனியமெனக் கொண்டு செவ்வகம் முழுவதும் தொகையிடுவர். மாட்லாப் மொழியிற் பழைய கட்டளை செவ்வகத்தை மாத்திரமே ஏற்றமையாற் பலர் இவ்வழியைக் கையாண்டனர். இதனால் வரம்பு மறைந்துவிடவில்லை. சார்பினுள்ளே ஒரு செங்குத்தான மதிலாகப் புகுந்துகொண்டது. பல்லுறுப்பிகளை நம்பி அமைந்த விதிகளுக்கு அத்தகைய மதிலைவிடப் பகையானது பிறிதில்லை. 2008இற் சம்பைன் என்பார் எல்லைகளைச் சார்புகளாகவே ஏற்கும் செய்நிரலை வெளியிட்டார். விளிம்பிலே சார்பு கட்டுக்கடங்காதாயின் மாறியை மாற்றி அதன் கடுமையைத் தணிக்கும் ஏற்பாடும் அதனுள் உண்டு. கால்வட்டத்துக்குக் கோணத்தை மாறியாக எடுத்ததன் உறவினரே அது. அவ்வழி வந்த கட்டளைகள் 2009இலும் 2012இலும் மாட்லாப் தொகுதியிற் சேர்ந்தன. மெற்றோபோலிசும் உலாமும் 1949இல் விளக்கிய மொந்தே காலோ முறைக்கு வரம்பு ஒரு பொருட்டன்று. எழுந்தமானமாக இட்ட புள்ளி உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா எனப் பார்த்தாற் போதும். ஆயின் வழுவைப் பாதியாக்க நான்கு மடங்கு புள்ளிகளும், பத்திலொரு பங்காக்க நூறு மடங்கு புள்ளிகளும் வேண்டும். மாறிகள் பலவாகியவிடத்தே அது அரசன். இரண்டேயாகியவிடத்து அதனை நாடுவது பெரும்பாலும் சோம்பலின் அறிகுறி.

குவாட்பாக் இன்று பலர் கையில் வேறு பெயரோடு புழங்குகின்றது. 2001இல் தோன்றிய சைப்பை என்னும் பைதன் தொகுதியின் இரட்டைத் தொகையீட்டுக் கட்டளை, அதன் செய்முறையையே உள்ளும் புறமுமாக அழைத்து வந்தது. அச்செய்முறை 21 புள்ளிகளிற் தொடங்குவதால் மிக எளிய கணக்குக்கும் 441 முறை சார்பு மதிப்பிடப்படும். திருத்தத்தின் அளவை உபயோகிப்போர் குறிப்பிடாவிடின் உள்ளுக்கும் புறத்துக்கும் ஒரே அளவே வழங்கப்படுகின்றது. 1981இல் மூவர் சுட்டிய சிக்கல் தீர்ந்துவிட்டதெனக் கூறுவதற்கில்லை.

அக்கட்டளையில் மற்றுமொரு பொறி உண்டு. மாட்லாப் கட்டளைக்குக் கொடுக்குஞ் சார்பிற் கிடைத்தூரம் முன்னும் நிலைத்தூரம் பின்னுமாக எழுதப்படும். சைப்பையிலோ உள்ளே முதலில் தொகையிடப்படும் நிலைத்தூரமே முன்னிற்றல் வேண்டும். கிடைத்தூரம் சூனியத்திலிருந்து ஒன்றுவரையும், நிலைத்தூரம் சூனியத்திலிருந்து கிடைத்தூரம்வரையும் செல்லும் முக்கோணத்தில் அவ்விரண்டின் பெருக்கத்தைத் தொகையிடுவோன் வரிசையை மாற்றி எழுதினாலும் எட்டிலொன்று என்னும் சரியான விடையையே பெறுவான். அவன் சார்பு கிடைத்தூரத்தின் வர்க்கத்தை நிலைத்தூரத்தாற் பெருக்கியதாயின் பெறவேண்டிய விடை பத்திலொன்று. வரிசை மாறின் கிடைப்பது பதினைந்திலொன்று. கணினி அதனையும் வழுவின் மதிப்பீட்டோடு, பல தசமதானத் திருத்தமாக, எவ்வித எச்சரிக்கையுமின்றி அச்சிட்டுத் தரும்.